பாதே

புளியமரம் என்று பெயர் அந்த நிறுத்தத்துக்கு.
பர்மிய மொழியில் மஜீபின்.
மரம் இல்லை. இருந்ததைப் பார்த்தவர்களும் இல்லை.
நான் இறங்கவேண்டிய இடம் அது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்பான்:
"மஜீபின் பாலா?"
இறங்க ஆள் உண்டா என்று அர்த்தம்.
தமிழ்க் காதுக்கு, யாரோ தெருவில்
பால் விற்றுப் போவதுபோல் இருக்கும்.
"பாதே" என்று ஒரு குரல் வரவேண்டும்.
உண்டு. இருக்கிறேன்.
இரண்டே எழுத்து.
வராவிட்டால் "ஸ்வே, ஸ்வே" என்று
தகரத்தைத் தட்டுவான்.
பஸ் என் வீட்டு மாடியைக் கடந்து
கொடியில் காயும் என் துணியைக் கடந்து
தாமுவேயில் போய்த்தான் நிற்கும்.
அங்கே ஊரே இறங்கும்; யாரும் வாய் திறக்கவேண்டாம்.

பதினோரு நிமிடம் திரும்பி நடப்பேன்.
மூன்று வருடம் நடந்தேன்.
வீட்டில் கேட்டால்,
"நடந்தால் உடம்புக்கு நல்லது."

அஞ்சுகம் என்று பெயர் வைத்தார்கள். கிளி.
பள்ளிக்கூடப் பதிவேட்டில் மா நீலா.
அச்சகத்தில் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை,
பிழை திருத்தும் தாளை
மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.
அது எனக்குப் பிடிக்கும்.
பேசாமல் இருப்பது நோயில்லை.
இறங்க முடியாமல் போவதுதான்.

அதனால் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
முதலில் பெரிய சொற்கள்:
நீ சிங்கம், நீ புயல், உன்னால் ஆகாதது ஒன்றுமில்லை.
பஸ் ஏறும்போது சிங்கம்தான்.
மஜீபின் வந்ததும் அந்தச் சிங்கம்
கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்.
தப்பான எழுத்தைக் காட்டிக்கொடுக்கும் வேலை எனக்கு.
என்னிடமே செல்லுமா?

பிறகு, உண்மையை மட்டும் சொல்வது
என்று வைத்துக்கொண்டேன்.
தமிழில். பக்கத்து ஆளுக்குப் புரியாதது வசதி.
கடைக்கு வந்தவரிடம் பேசுவதுபோல் மரியாதையாக:

அஞ்சுகம், நீங்க நேத்து
கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு தப்புன்னு
முதலாளிகிட்ட சொன்னீங்க.
மெதுவாத்தான். ஆனாலும் சொன்னீங்க.
மீன்காரி இருநூறு கியாட் குறைச்சுக் குடுத்தப்ப
நீட்டின கையை மடக்காம நின்னீங்க, வாங்கினீங்க.
குரல் நடுங்கினா நடுங்கட்டும்,
நடுங்கின குரலுக்கும் பிரேக் பிடிக்கும்.
காசு குடுத்துத்தானே ஏறியிருக்கீங்க.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை.
"மஜீபின் பாலா?"
பாதே என்றேன்.
ஒரு லாரியின் ஹாரன் அதைத் தின்றுவிட்டது.
"ஸ்வே" என்று தட்டினான்.
பார்த்தாயா, உனக்கெல்லாம் எதுக்கு,
என்று பழைய குரல் ஆரம்பித்தது.
இருங்க, இன்னொரு தடவை, என்றது மற்றது.

பாதே!

எனக்கே அறிமுகமில்லாத உயரம்.
கூடை வைத்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.
வெற்றிலை வாயோடு கண்டக்டர் ஏதோ முனகினான்.
பஸ் முப்பதடி தள்ளி, சேற்றில் நின்றது.
வானம் ஒன்றும் பிளக்கவில்லை.

எனக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார்.
கறுப்புக் குடை, கட்டம்போட்ட லோஞ்சி.
தாமுவேயிலிருந்து எனக்கு முன்னால்
எத்தனையோ மாலை நடந்துபோன முதுகு அது.
முகத்தை அன்றுதான் பார்த்தேன்.
ஒரு தலையசைப்பு.
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள்
அவர் சொல்வார் என்று நான் இருந்தேன்.
நான் சொல்வேன் என்று அவர் இருந்திருக்கவேண்டும்.
"ஸ்வே, ஸ்வே."
தாமுவே.

திரும்பி நடக்கும்போது என்னை நான் திட்டவில்லை.
நேத்து வந்த குரல் நேத்து நிஜம், அஞ்சுகம்,
செருப்புல இன்னும் அந்தச் சேறு இருக்கு,
என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.
சாலைக்கு அந்தப் பக்கம்
குடைக்குக் கீழே
அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.